விஎம் ஓடுகிறது, திரை மட்டும் வரவில்லை

ராத்திரி பதினொன்றரை மணிக்கு அலுவலகத்துத் தம்பி போன் செய்தான். "அண்ணா, டேட்டாபேஸ் விஎம் எழவே மாட்டேங்குது. கன்சோலைத் திறந்தா சர்வரோட இணைய முடியலைன்னு வருது. மூணு தடவை ரீசெட் பண்ணிப் பார்த்துட்டேன்." அன்று சாயங்காலம் மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் தாங்காமல், சர்வர் அறை மொத்தமும் அணைந்து எழுந்திருந்தது. மற்ற விஎம்கள், அதாவது ஒரே சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகள், எல்லாம் வந்துவிட்டன, இது ஒன்று மட்டும் செத்துவிட்டது என்று அவன் முடிவு கட்டியிருந்தான்.

உண்மையில் அந்த விஎம் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அணைந்ததில் வட்டின் கோப்பு அமைப்பில் பிழை இருப்பதாகக் குறி விழுந்து, லினக்ஸ் எழும்போதே வட்டு முழுவதையும் சரிபார்க்கத் தொடங்கியிருந்தது. பெரிய வட்டு, நேரம் பிடிக்கும் வேலை. தம்பி ரீசெட்டை அழுத்திய ஒவ்வொரு முறையும் அந்த வேலை பாதியில் அறுந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. பழுது பார்த்துக்கொண்டிருக்கும்போது இப்படி அறுப்பதால், பிழைக்கவேண்டிய கோப்புகளும் போய்விடக்கூடும்.

விஎம்களோடு புதிதாகப் பழகுகிற எல்லோருக்கும் இந்தக் குழப்பம் வரும். எனக்கும் வந்திருக்கிறது. விஎம் ஓடுவது ஒன்று, கன்சோல் என்ற சன்னலில் அதன் திரை நம் கண்ணுக்குத் தெரிவது வேறொன்று. கேபிள் அறுந்தால் டிவியில் படம் வராது. அதற்காக நிலையத்தில் நிகழ்ச்சி நின்றுபோனது என்று யாரும் நினைப்பதில்லை. கன்சோல் விஷயத்தில் மட்டும் ஏனோ அப்படி நினைத்துவிடுகிறோம்.

கன்சோல் எங்கே இருக்கிறது?

லினக்ஸில் விஎம்களை ஓட்டப் பெரும்பாலும் பயன்படும் கேவிஎம், கியூஎமு என்ற மென்பொருள் ஜோடியை எடுத்துக்கொள்வோம். விஎம் ஒன்றைத் தொடங்கினால், ஹோஸ்ட் என்று நாம் சொல்லும் அசல் சர்வரில் கியூஎமு என்ற நிரல் ஒன்று ஓடத் தொடங்குகிறது. ஒரு விஎம்முக்கு ஒரு நிரல். அதற்குள்தான் போலி மதர்போர்டு, போலி வட்டு, போலி நெட்வொர்க் அட்டை எல்லாம் இருக்கின்றன. போலி கிராபிக்ஸ் அட்டையும் ஒன்று உண்டு. கெஸ்ட், அதாவது விஎம்முக்குள் ஓடும் லினக்ஸோ விண்டோஸோ, அந்த அட்டையில் படம் வரைகிறது. வரைந்த படம் ஹோஸ்டின் நினைவகத்தில் ஒரு மூலையில் கிடக்கிறது. அந்த அட்டையில் மானிட்டர் எதுவும் செருகப்பட்டிருக்காது.

அந்தப் படத்தை நமக்கு அனுப்பி, நம் கீபோர்டையும் மவுஸையும் அங்கே கொண்டுசேர்க்க ஒரு ஏற்பாடு வேண்டும். அதுதான் கன்சோல். பெரும்பாலும் விஎன்சி என்ற நெறிமுறையில் நடக்கிறது. 1990களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் பிறந்தது அது. 2011இல் ஆர்எஃப்சி எனப்படும் இணைய விதி ஆவணங்களில் 6143 என்ற எண்ணில் அதன் விதிகள் முறையாகப் பதிவாயின. விஎன்சியின் முதல் திரைக்கு 5900ஆம் போர்ட் (போர்ட் என்பது ஒரு சேவைக்கான கதவு எண்), அடுத்ததற்கு 5901, அப்படியே மேலே போகும். இந்த 59 என்று தொடங்கும் எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நடந்ததைப் பதிவு செய்யும் லாக் கோப்புகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். விஎன்சி சர்வர் இருப்பது கியூஎமுவுக்குள், கெஸ்டுக்குள் அல்ல. விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பும், தொலைவிலிருந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்எச்சும் கெஸ்டுக்குள் ஓடுபவை. கெஸ்டின் நெட்வொர்க் சரியாக இருந்தால்தான் அவை வேலை செய்யும். கன்சோலுக்கு அது தேவையே இல்லை. விஎம்மில் இயங்குதளம் நிறுவாமல் வெறும் வட்டு இருந்தாலும் கன்சோல் திறக்கும், பூட் செய்ய எதுவும் இல்லை என்ற செய்தி அதில் தெரியும். ஆகவே விஎம்மின் ஐபி முகவரிக்கு பிங் அடித்துப் பார்த்து கன்சோல் பிழையைத் துப்பறிய முடியாது. பிங் போனால் விஎம் உயிரோடு இருக்கிறது என்று தெரியும், அந்த அளவில் உபயோகம்தான். போகாவிட்டால் அதிலிருந்து எதுவும் தெரியாது. கன்சோல் இணைப்பில் பேச்சு நடப்பது நம் மேசைக் கணினிக்கும் ஹோஸ்டுக்கும் நடுவில். கெஸ்ட் அதில் ஒரு தரப்பே இல்லை.

முதல் கேள்வி: ஓடுகிறதா?

கன்சோல் பிழை வந்ததும் ரீசெட் பக்கம் கையைக் கொண்டுபோகாமல் ஹோஸ்டைக் கேளுங்கள். விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் என்ற மென்பொருள் இருக்கும் இடங்களில் அதன் விர்ஷ் கட்டளையில் லிஸ்ட் என்று கொடுத்து, எல்லாவற்றையும் காட்டச் சொன்னால், ஒவ்வொரு விஎம்மின் நிலையும் வரும். விஎம்களை இணையப் பக்கத்திலிருந்து நிர்வகிக்க உதவும் ப்ராக்ஸ்மாக்ஸில் கியூஎம் லிஸ்ட். இணையப் பக்கத்தில் பார்த்தாலும் சரி. பெரும்பாலும் மூன்றில் ஒரு பதில் வரும்: ஓடுகிறது, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, அணைந்திருக்கிறது.

ஓடுகிறது என்றால் சிபியு அளவையும் ஒரு பார்வை பாருங்கள். ஐந்து, பத்து சதவீதம் என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தாலோ வட்டில் படிப்பும் எழுத்தும் நடந்துகொண்டிருந்தாலோ உள்ளே வேலை நடக்கிறது. அன்றைக்குத் தம்பி இதை ஒருமுறை பார்த்திருந்தால் போதும். வட்டுப் படிப்பின் வரைபடம் உச்சியில் நின்றது.

நிறுத்தி வைக்கப்பட்டது என்று வந்தால் பலர் திகைப்பார்கள், "நான் நிறுத்தவே இல்லையே" என்பார்கள். ஹோஸ்டின் வட்டில் இடம் தீர்ந்துபோயிருக்கிறதா என்று பாருங்கள். கெஸ்ட் எழுத முயன்று ஹோஸ்டில் இடமில்லை என்றால், கியூஎமு விஎம்மை அந்த நொடியிலேயே உறையவைத்துவிடும். நல்ல எண்ணத்தில்தான் அப்படிச் செய்கிறது, எழுதப்போன தரவு வீணாகக்கூடாது என்பதற்காக. கன்சோல் திறக்கும், படமும் தெரியும், எந்தக் கீயை அழுத்தினாலும் அசையாது. ஹோஸ்டில் இடத்தைக் காலி செய்துவிட்டு ரெஸ்யூம் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இங்கேயும் ரீசெட் செய்வது தப்பு.

அணைந்திருக்கிறது என்றால், அது கன்சோல் பிழையே இல்லை. விஎம் எழவில்லை, எழாததால் திரை இல்லை. அப்போது தேடவேண்டியது விஎம் எழாததற்கான காரணத்தை. லிப்விர்ட் ஒவ்வொரு விஎம்முக்கும் அதன் பெயரிலேயே ஒரு லாக் கோப்பு வைத்திருக்கிறது, கணினியின் லாக் கோப்பகத்தில் லிப்விர்ட் என்ற கோப்புறைக்குள் கியூஎமு என்ற கோப்புறையில் இருக்கும். அதன் கடைசிப் பத்து வரிகளைப் படித்தால் பெரும்பாலும் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். நான் அடிக்கடி பார்த்த காரணம் சின்ன விஷயம்: இயங்குதளம் நிறுவும்போது போலி சிடி டிரைவில் செருகிய ஐஎஸ்ஓ கோப்பை, இடம் வேண்டும் என்று பிறகு யாரோ அழித்திருப்பார்கள். விஎம் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். என்றைக்கு அணைத்து எழுப்புகிறோமோ அன்றைக்கு, அந்தக் கோப்பைக் காணவில்லை என்று தொடங்க மறுக்கும். சிடி டிரைவைக் காலி செய்தால் எழுந்துவிடும். நினைவகம் போதாமல் போவது, லிப்விர்ட்டின் டீஃபால்ட் நெட்வொர்க் தொடங்கப்படாமல் இருப்பது, பயாஸில் மெய்நிகராக்கம் அணைந்திருப்பது, இவையும் வழக்கமான காரணங்கள்தான்.

கன்சோலே விஎம்மைத் தடுக்கும் இரண்டு சந்தர்ப்பங்கள்

விஎம்மும் கன்சோலும் வேறு வேறு என்று இவ்வளவு நேரம் சொன்னேன். அதற்கு விதிவிலக்கு உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது போர்ட் மோதல். யாராவது ஒரு விஎம்முக்கு 5901 என்று விஎன்சி போர்ட்டைக் கையால் நிரந்தரமாகக் கொடுத்திருப்பார்கள். பிறகு அந்த விஎம்மின் அமைப்புக் கோப்பைப் பிரதி எடுத்து இன்னொரு விஎம் உருவாக்குவார்கள், போர்ட்டும் பிரதியாகிவிடும். ஒன்று ஓடும்போது மற்றது எழாது, முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று லாகில் எழுதிவிட்டுப் படுத்துவிடும். ஒரே வீட்டு எண் இரண்டு வீட்டுக்கு. போர்ட்டை லிப்விர்ட்டே தேர்ந்தெடுக்கட்டும் என்று தானியங்கி முறைக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது.

இரண்டாவது ஸ்பைஸ். விஎன்சிக்கு மாற்றாக வந்த இன்னொரு கன்சோல் நெறிமுறை அது. கேவிஎம்மை உருவாக்கிய இஸ்ரேல் நிறுவனமான கும்ரானெட்டில்தான் இதுவும் பிறந்தது. 2008இல் ரெட் ஹாட் அந்த நிறுவனத்தை வாங்கியது, அடுத்த ஆண்டு ஸ்பைஸைத் திறமூலமாக வெளியிட்டது. ஒலி, காப்பி பேஸ்ட், யுஎஸ்பி எல்லாம் கொடுத்த நல்ல ஏற்பாடு. ஆனால் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் 9ஆம் பதிப்பில் ஸ்பைஸை எடுத்துவிட்டார்கள். பழைய பதிப்பில் ஸ்பைஸ் திரையோடு செய்த விஎம்மை அப்படியே 9க்குக் கொண்டுவந்தால், இந்தக் கியூஎமுவில் ஸ்பைஸ் கிராபிக்ஸ் இல்லை என்று சொல்லி விஎம் தொடங்கவே மறுக்கும். வட்டில் ஒரு குறையும் இருக்காது. விஎம்மின் அமைப்பில் கிராபிக்ஸை விஎன்சி என்று மாற்றி, ஸ்பைஸ் சேனலை நீக்கி, வீடியோ அட்டையையும் கியூஎக்ஸ்எல்லில் இருந்து விர்ட்டையோவுக்கு மாற்றினால் எழுந்து வரும். சர்வர் மாற்றும் நாளில் இதற்காக மணிக்கணக்கில் வட்டு இமேஜைச் சந்தேகப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

வழியில் எங்கே அறுந்தது?

சரி, விஎம் ஓடுகிறது, திரை வரவில்லை. இப்போது வழியைப் பார்க்கவேண்டும்.

பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவதற்குக் காரணம் இரண்டே வார்த்தைகள். இணைப்பு மறுக்கப்பட்டது என்று வருகிறதா, நேரம் கடந்துவிட்டது என்று வருகிறதா? கேட்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். நடந்தது வேறு வேறு. மறுக்கப்பட்டது என்றால், நாம் அந்த வீட்டு வாசல் வரை போய்விட்டோம், கதவைத் தட்டினோம், "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று பதில் வந்தது. ஹோஸ்ட் இருக்கிறது, நெட்வொர்க் இருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்பதற்கு யாரும் இல்லை. நேரம் கடந்தது என்றால், தட்டிக்கொண்டே நின்றோம், பதிலே வரவில்லை. நடுவில் ஃபயர்வால் ஒன்று நம் பாக்கெட்டுகளை விழுங்குகிறது, இல்லையென்றால் முகவரியே தவறு. சில ஃபயர்வால்கள் விழுங்காமல் மறுப்பும் சொல்லும் என்பதால் இது நூற்றுக்கு நூறு இல்லை. ஆனால் முதலில் எந்தப் பக்கம் திரும்புவது என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியாது.

அதற்கு அடுத்த வேலை, வழியை நடுவில் வெட்டிப் பார்ப்பது. ஹோஸ்டுக்குள் எஸ்எஸ்எச்சில் நுழையுங்கள். எந்தெந்தப் போர்ட்டுகளில் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எஸ்எஸ் என்ற கட்டளை காட்டும். அதில் 59 என்று தொடங்கும் வரி இருக்கிறதா? இருந்தால் கியூஎமு தன் கடமையைச் செய்கிறது, கோளாறு அங்கிருந்து உங்கள் கணினி வரையிலான பாதையில். அந்த வரியில் போர்ட்டுக்கு முன்னால் உள்ள முகவரியையும் பாருங்கள். 127.0.0.1 என்று இருந்தால், ஹோஸ்ட் தனக்குள்ளிருந்து வருபவர்களுக்கு மட்டுமே கதவைத் திறக்கும். லிப்விர்ட்டின் இயல்பு நிலை இதுதான். உங்கள் லேப்டாப்பிலிருந்து விஎன்சி நிரல் ஒன்றைத் திறந்து ஹோஸ்டின் ஐபியையும் 5900ஐயும் கொடுத்தால் மறுக்கப்பட்டது என்றுதான் வரும். அது பிழை அல்ல, பாதுகாப்பு.

இந்த இடத்தில் தேடுபொறியில் கிடைக்கும் முதல் ஆலோசனை, 127.0.0.1ஐ எடுத்துவிட்டு 0.0.0.0 என்று போடுங்கள் என்பதாக இருக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள். திரை வந்துவிடும், உண்மைதான். கூடவே, அந்த ஹோஸ்டை எட்ட முடிந்த எல்லோருக்கும் உங்கள் விஎம்மின் கீபோர்டும் கையில் போய்ச் சேரும். கடவுச்சொல் வைத்தால் போதாதா என்றால், விஎன்சியின் பழைய கடவுச்சொல் முறை முதல் 8 எழுத்துகளை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. நீங்கள் இருபது எழுத்து வைத்தாலும் மீதி பன்னிரண்டும் சும்மா. கன்சோலைப் பிடித்தவர் விஎம்மை ரீபூட் செய்து, பூட் மெனுவில் புகுந்து ரூட் கடவுச்சொல்லையே மாற்றிவிடலாம். சர்வர் அறைச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம் இது.

சரியான வழி எஸ்எஸ்எச் சுரங்கம், அதாவது எஸ்எஸ்எச் இணைப்புக்குள்ளேயே விஎன்சியைக் கடத்துவது. லிப்விர்ட்டுக்கான சன்னல் நிரலான விர்ட் மேனேஜரில் ஹோஸ்டைச் சேர்க்கும்போதே எஸ்எஸ்எச் வழியாக என்று தேர்ந்தெடுத்தால், கன்சோலையும் அதுவே சுரங்கம் போட்டுக் கொண்டுவந்துவிடும். அப்படியும் விஎம்களின் பட்டியல் வந்து திரை மட்டும் வரவில்லை என்றால், ஹோஸ்டில் நெட்கேட் நிரல் இருக்கிறதா என்று பாருங்கள். சுரங்கத்தின் மறுமுனையில் அதைத்தான் விர்ட் மேனேஜர் தேடும். சின்னதாக நிறுவிய சர்வர்களில் அது இருக்காது.

உலாவியில் திறக்கும் கன்சோல்

ப்ராக்ஸ்மாக்ஸ் மாதிரியான இடங்களில் தனி நிரல் வேண்டாம், உலாவியிலேயே திரை வரும். உள்ளே இருப்பது நோவிஎன்சி, உலாவிக்குள் ஓடும் விஎன்சி. வசதிதான், ஆனால் வழி நீளம். உலாவியிலிருந்து 8006ஆம் போர்ட்டுக்கு வெப்சாக்கெட் இணைப்பு, அதாவது இரு பக்கமும் தொடர்ந்து பேசிக்கொள்ளும் இணைப்பு, ஒன்று போகும். ப்ராக்ஸ்மாக்ஸ் அந்த நேரத்துக்கு மட்டும் விஎன்சி ப்ராக்ஸி என்ற இடைத்தரகர் ஒன்றைக் கிளப்பும். அது போய்க் கியூஎமுவைப் பிடிக்கும். இந்த வரிசையில் எது அறுந்தாலும் உங்களுக்குத் தெரிவது கருப்புப் பெட்டிக்குள் ஒரே வரிதான்: சர்வருடன் இணைய முடியவில்லை.

சில நேரம் 1006 என்ற எண்ணும் சேர்ந்து வரும். அதைப் பிழையின் பெயர் என்று நினைத்துத் தேடித் தேடிக் களைத்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 1006 என்பதை எந்தச் சர்வரும் அனுப்புவதில்லை. விடைபெறும் செய்தி எதுவும் வராமலே வெப்சாக்கெட் இணைப்பு அறுந்துபோனால், உலாவி தானே போட்டுக்கொள்ளும் குறி அது. "எதிர்முனை பேசிக்கொண்டிருந்தது, திடீரென்று போய்விட்டது, ஏனென்று எனக்குத் தெரியாது" என்பதுதான் அதன் பொருள். காரணத்தை எதிர்முனையில்தான் தேடவேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கத்தின் அடியில் வேலைகளின் பட்டியல் ஓடும் அல்லவா, அதில் சிவப்பாக நிற்கும் கன்சோல் வரியை இருமுறை சொடுக்குங்கள். உண்மைக் காரணம் அங்கே முழு வாக்கியமாக இருக்கும்.

பக்கம் அழகாகத் திறக்கிறது, பொத்தான்கள் எல்லாம் வேலை செய்கின்றன, கன்சோல் மட்டும் இல்லை என்றால், நடுவில் என்ஜின்எக்ஸ் போல ரிவர்ஸ் ப்ராக்ஸி ஏதாவது நிற்கிறதா என்று கேளுங்கள். சாதாரணப் பக்கங்களைக் கடத்தும் ப்ராக்ஸி, வெப்சாக்கெட்டுக்குத் தேவையான அப்கிரேட் தலைப்புகளைத் தானாகக் கடத்தாது. அதற்குத் தனியாக இரண்டு மூன்று வரி எழுதவேண்டும். ப்ராக்ஸியைத் தாண்டி நேராக ஹோஸ்டின் 8006க்குப் போய்ப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் உறுதியாகிவிடும்.

இன்னொன்று, பல சர்வர்களைச் சேர்த்து ஒன்றாக நிர்வகிக்கும் கிளஸ்டரில் வரும். முதல் சர்வரின் பக்கத்தைத் திறந்துகொண்டு, இரண்டாவது சர்வரில் ஓடும் விஎம்மின் கன்சோலைக் கேட்டால், முதல் சர்வர் இரண்டாவதற்கு எஸ்எஸ்எச்சில் போய்த் திரையை எடுத்து வருகிறது. இரண்டாவது சர்வரை மறுபடி நிறுவியிருந்தால் அதன் எஸ்எஸ்எச் சாவி மாறியிருக்கும். முதல் சர்வர் பழைய சாவியை நினைவில் வைத்துக்கொண்டு, "இது எனக்குத் தெரிந்த ஆள் இல்லை" என்று நின்றுவிடும். ஹோஸ்ட் சாவிச் சரிபார்ப்பு தோற்றது என்று வேலைப் பட்டியலில் எழுதியிருக்கும்.

விஎம்வேர் என்ற இன்னொரு விஎம் மென்பொருளில் எம்கேஎஸ் என்று ஒரு சொல் பயமுறுத்தும். மவுஸ், கீபோர்டு, ஸ்க்ரீன், அவ்வளவுதான். ரிமோட் கன்சோல் நிரல் வழியாகப் போகும்போது கவனிக்கவேண்டியது 902ஆம் போர்ட். எல்லா ஹோஸ்டுகளையும் நிர்வகிக்கும் விசென்டரில் நுழைந்து கன்சோல் கேட்டாலும், திரைக்காக உங்கள் கணினி பல அமைப்புகளில் அந்த விஎம் ஓடும் இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டையே நேராகத் தேடிப் போகும். அந்த ஹோஸ்டின் பெயர் உங்கள் கணினிக்குத் தெரியவில்லை என்றால், முகவரி கிடைக்கவில்லை என்று எம்கேஎஸ் பிழை வரும். அலுவலகத்தில் திறந்து, வீட்டிலிருந்து விபிஎன்னில் வரும்போது திறக்காமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். டிஎன்எஸ்ஸைச் சரி செய்யுங்கள், அவசரத்துக்கு ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்தாலும் ஆகும். விண்டோஸில் ஓடும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் பைப் என்று ஏதோ சொல்லி எம்கேஎஸ் பிழை காட்டினால், விண்டோஸ் சர்வீசஸ் பட்டியலில் விஎம்வேர் ஆதரைசேஷன் சர்வீஸ் நின்றுபோயிருக்கும். தொடங்கிவிட்டால் சரியாகிவிடும். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியில் இதே வேலையைச் செய்வது 2179ஆம் போர்ட்.

இணைந்தும் கருப்பாக இருந்தால்

பிழைச் செய்தி இல்லை, இணைப்பு நிற்கிறது, திரை மட்டும் கருப்பு என்றால் பாதை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இப்போதுதான் கெஸ்டைச் சந்தேகிக்க நேரம். முதலில் ஷிப்ட் கீயை ஒருமுறை தட்டுங்கள், பழைய லினக்ஸ் கெர்னல்கள் பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரையை அணைத்துவிடும். கெஸ்ட் இன்னும் திரையைத் தொடங்கவில்லை என்ற வரி தெரிந்தால் அது கியூஎமுவே எழுதும் செய்தி, விஎம்முக்குள்ளிருந்து இதுவரை யாரும் எதையும் வரையவில்லை என்கிறது. சில நொடி காத்திருங்கள். போகவே இல்லை என்றால் விஎம்மின் ஃபர்ம்வேரையும் வீடியோ அட்டை அமைப்பையும் பாருங்கள். அசல் கிராபிக்ஸ் அட்டையை விஎம்முக்கு நேராகக் கொடுத்திருந்தால், படம் அந்த அட்டையில் செருகிய அசல் மானிட்டரில் வந்துகொண்டிருக்கும், கன்சோலில் வராது.

படம் இல்லாமல் எழுத்து மட்டும் வரும் சீரியல் கன்சோல் கதை கொஞ்சம் தனி. விர்ஷ் கன்சோல் என்று கொடுத்தால் இணைந்ததாகச் சொல்லிவிட்டு வெறுமையாக நிற்கும். எண்டரைத் தட்டிப் பாருங்கள். அப்போதும் ஒன்றும் இல்லையென்றால், கெஸ்டின் லினக்ஸ் சீரியல் போர்ட்டில் பேசவே தொடங்கவில்லை. கெர்னல் வரியில் கன்சோல் என்பதற்கு டிடிஒய்எஸ்0 என்று சேர்க்கவேண்டும், அதை கெஸ்டுக்குள் போய்த்தான் செய்யமுடியும். ஆகவே விஎம் நன்றாக இருக்கும் நாளிலேயே செய்து வைத்துவிடுங்கள், கிராபிக்ஸ் கன்சோல் கைவிடும் நாளில் இந்த இரண்டாவது கதவு காப்பாற்றும். ஏற்கெனவே ஒரு கன்சோல் இணைப்பு இருக்கிறது என்று மறுத்தால், வேறு யாரோ திறந்துவிட்டு மூடாமல் போயிருக்கிறார்கள். ஃபோர்ஸ் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம், அதற்கு முன் பக்கத்து இருக்கையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. வெளியே வர, கன்ட்ரோலோடு வலது சதுர அடைப்புக்குறி.

அன்று ராத்திரிக்கு வருகிறேன். போனில் தம்பியிடம் நான் கேட்டது இரண்டே கேள்விதான். விஎம் ஓடுகிறதா? ஓடுகிறது, வட்டுப் படிப்பு உச்சத்தில். எந்தச் சர்வரில் ஓடுகிறது, எந்தச் சர்வரின் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறாய்? ஓடுவது இரண்டாவதில், திறந்திருப்பது முதலாவதை. இரண்டாவது சர்வரைப் போன வாரம்தான் மறுபடி புதிதாக நிறுவியிருந்தோம். "முதல்ல அந்தப் பக்கத்தை மூடு. ரெண்டாவது சர்வரோட ஐபியைப் போட்டு, 8006ல நேரா திற" என்றேன்.

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அண்ணா, வந்துடுச்சு. ஏதோ சதவீதம் ஓடுது. பதினெட்டு போட்டிருக்கு."

"அதைத் தொடாதே. ஓடட்டும்."

முதல் சர்வரில் பழைய சாவியை நீக்கி, சான்றிதழ்களைப் புதுப்பிக்கும் கட்டளையை ஓட்ட இரண்டு நிமிடம் ஆனது. வட்டுச் சரிபார்ப்பு நூறைத் தொட ஒன்றே கால் மணி நேரம். லாகின் வரி வந்ததும் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான், ஒரு மணிக்குப் பக்கத்தில்.